தயிர்ச் சட்டி கேக், இடியப்பக் கேக்: எங்கே சறுக்கும்?

வேறொரு சாப்பாடு மாதிரித் தோன்றும் பிறந்தநாள் கேக்கில் முதல் தவறு, எதைச் செய்வது என்று முடிவெடுக்கும்போதே நடந்துவிடும். பலருக்கும் ஆசை நண்டுக் கறியில்தான் போகும். நண்டின் காலும் கொடுக்கும், குழம்பின் பளபளப்பும் ஐசிங்கில் வருவதற்குள் விடிந்துவிடும். விடிந்து பார்த்தால் தட்டில் சிவப்புச் சிலந்தி. ஐசிங்குக்கும் கேக்குக்கும் இயல்பிலேயே கிட்ட நிற்கிற சாப்பாட்டை எடுங்கள். மட்டக்களப்பில் அதற்கா பஞ்சம்? இடியப்பம் இருக்கிறது, புட்டு இருக்கிறது, எருமைத் தயிர் இருக்கிறது.

தயிர்ச் சட்டி கேக் லேசானது என்று நினைப்பார்கள். அங்கே நிறம் காட்டிக்கொடுக்கும். பட்டர் ஐசிங்கில் மஞ்சள் அடிக்கும். அது பசும்பாலில் உள்ள பீட்டா கரோட்டின். எருமைப் பாலில் அந்த நிறமி இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு, அதனால்தான் தயிர் அவ்வளவு வெள்ளை. ஐசிங்கில் ஊதா நிறத்தை ஈர்க்குச்சி நுனியால் தொட்டுக் கலந்தால் மஞ்சள் அடங்கும். அதற்கு மேல் போனால் சாம்பல் நிறமாகிவிடும். மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி இழைக்கவும் வேண்டாம். நல்ல தயிரில் ஆடை இருக்கும், ஓரத்தில் சுருக்கம் இருக்கும்.

மண்சட்டிக்குள்ளேயே மாவை ஊற்றிக் கேக் சுடும் அவனில் வைப்பது இன்னொரு பிழை. சுவர் தடிப்பு என்பதால் ஓரம் காயும்போது நடு பச்சையாகவே கிடக்கும். கேக்கைத் தட்டையாகத் தனியே வேகவைத்து, சட்டிக்கு எண்ணெய்த் தாள் போட்டு அடுக்கடுக்காக இறக்குங்கள். இதைக் கத்தியால் வெட்ட முடியாது, கரண்டிதான். தயிர் சாப்பிடுகிற முறையும் அதுதானே. கித்துள் பாணியை, அதாவது கித்துள் மரத்துப் பாகை, முதல்நாளே ஊற்றினால் ஊறி இறங்கிப் பழுப்புக் கறைதான் மிஞ்சும். பிள்ளை ஊதி முடித்த பிறகு எல்லார் முன்னாலும் ஊற்றுங்கள்.

இடியப்பத்துக்கு ஐசிங் பிழியும் சிறிய வட்ட நொசில் போதும். நேரே கேக்கின் மேல் பிழியாமல் எண்ணெய்த் தாளில் தனித்தனி வட்டமாகப் பிழிந்து, ஃபிரிஜ்ஜில் இறுக விட்டு எடுத்து அடுக்குங்கள். ஓரத்தில் இழைகள் கொஞ்சம் பிய்ந்து தொங்கட்டும். தேங்காய்ச் சம்பலுக்கு உலர்ந்த தேங்காய்த் துருவலை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, சில துளி சிவப்பும் செம்மஞ்சளும் விட்டுக் குலுக்கவும். கால்வாசித் துருவலை வெள்ளையாகவே பிறகு கலக்க வேண்டும்; ஒரே சிவப்பாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஐசிங்கில் கலந்த சிவப்பு சில மணி நேரத்தில் தானாகவே கடுக்கும், அதனால் கலந்த கையோடு போதவில்லை என்று மேலும் ஊற்றாதீர்கள். தேங்காய்ப்பால் சொதிக்குக் கஸ்டர்ட் சரிதான், ஆனால் சின்னக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே ஊற்றினால் இழையெல்லாம் கூழ். அழகுக்கு உண்மையான கறிவேப்பிலை வைக்கிறவர்களும் உண்டு; அந்த வாசம் ஐசிங்கில் ஏறினால் இறங்காது.

காத்தான்குடிப் பக்கம் பலர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடும் சஹன் சோறு மாதிரிச் செய்ய விரும்புகிறவர்கள் உண்மையான சஹனிலேயே செய்யட்டும். பாதி ஏமாற்றைப் பாத்திரமே செய்துவிடும். ஆனால் உள்ளே கேக் ஒரே துண்டாக இருக்க வேண்டும்; சோறும் கறியும் மேலே ஒரு விரல் தடிப்புக்குப் போதும். கொத்து ரொட்டிக்கும் இதே கதைதான். துண்டுகளைக் குவித்து வைத்தால் பார்க்க அச்சு அசல் கொத்து, வெட்டப் போனால் எல்லாம் சரியும்.

செதுக்குவதானால் பஞ்சு போன்ற ஸ்பொன்ஜ் வேண்டாம், இறுக்கமான பட்டர் கேக் எடுங்கள். சுட்ட அன்றே கத்தி வைத்தால் உதிரும். சுற்றிக் கட்டி ஓர் இரவு ஃபிரிஜ்ஜில் வைத்து மறுநாள் செதுக்குங்கள்.

கடைசியாக வெயில். வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். நம் ஊரில் சித்திரை, வைகாசி மத்தியானம் அதைத் தொடும். பாதி வெண்ணெய்க்குப் பதில் ஷோர்ட்னிங் என்ற கெட்டிக் கொழுப்பைப் போட்டால் கொஞ்சம் தாங்கும். ஃபொண்டன்ட் என்ற சீனிப் பசையைப் போர்த்திய கேக்கை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்ததும் ஈரக்காற்றில் வியர்க்கும். துடைக்கப் போகாதீர்கள், நிறம் இழுபடும், தானாகவே காயட்டும். கல்லடிப் பாலம் தாண்டி ஆட்டோவில் கொண்டுபோவதானால், இழை பிழிந்த வட்டங்களைத் தனிப் பெட்டியில் ஐஸோடு கொண்டுபோய் அங்கே அடுக்குங்கள். மெழுகுதிரியைச் சம்பல் குவியலில் குத்துங்கள். இடியப்பத்தில் குத்தினால் பாட்டு முடிவதற்குள் இழையில் மெழுகு ஓடிவிடும்.