மெட்டல் வால்வு வெச்சவங்க வீட்ல ஐஎன்ஆர் பாத்துக்கறது எப்படிங்க

எங்கம்மாவுக்கு சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல இதயத்துல இருக்கற மைட்ரல் வால்வு கெட்டுப்போயி, கோயமுத்தூர்ல ஆபரேசன் பண்ணி மெட்டல் வால்வு வெச்சிருக்குதுங்க. டிஸ்சார்ஜ் ஆனதும் பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் நெஞ்சுத் தையலப் பத்தியேதான் கேப்பாங்க, ஆனா நெஞ்செலும்பு ரெண்டு மூணு மாசத்துல கூடிரும், ஆயுசு பூராம் கூட வர்றது ரத்தம் உறையாம இருக்கப் போடற அந்தச் சின்ன மாத்திரைதான் (அசிட்ரோம் இல்லைன்னா வார்ஃபரின்). திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல உருவாக்கி 1990 டிசம்பர்ல மொதமொதல்ல ஒருத்தருக்கு வெச்ச சித்ரா வால்வா இருந்தாலும் சரி, வெளிநாட்டு வால்வா இருந்தாலும் சரி, இந்த மாத்திரைய நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டிக்கும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம்.

மொதல்ல டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்து உங்களுக்கு எந்த வால்வு, எவ்வளவு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ரத்த டெஸ்ட்ல காட்டற எண்) இருக்கோணும்னு பாருங்க, போடலைன்னா கேட்டு எழுதி வாங்கிருங்க. மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு ஐஎன்ஆர் 1 கிட்ட இருக்கும். அயோர்ட்டிக் வால்வுன்னா (இதயத்துல இருக்கற இன்னொரு வால்வு) பொதுவா 2ல இருந்து 3, மைட்ரல்னா 2.5ல இருந்து 3.5. கம்மியானா கட்டும், அதிகமானா ரத்தக்கசிவு, ரெண்டுமே ஆபத்துதான். சும்மா "நார்மலா இருக்குது"ன்னு லேப்ல சொன்னா அத நம்பிட்டு வந்துறாதீங்க, லேப்காரங்களுக்கு நார்மல்னா 1, நமக்கு அது ரொம்பக் கம்மி.

மாத்திரைய தினமும் ஒரே நேரத்துல போடோணுங்க, சாயங்காலம் வெச்சுக்கிட்டா நல்லது, காலைல ரத்தம் குடுத்து ரிசல்ட் வந்து டாக்டர் டோஸ் மாத்தச் சொன்னா அன்னைக்கே மாத்திக்கலாம். ஒரு வேளை மறந்துட்டா அன்னைக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுருங்க, மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சுன்னா ரெண்டாப் போடவே கூடாது, நோட்டுல குறிச்சு வெச்சுட்டு வழக்கம்போலப் போடுங்க. அசிட்ரோமும் வார்ஃபரினும் வேற வேற மருந்து, மெடிக்கல்ல "அது இல்ல, இது இருக்குது"ன்னு மாத்திக் குடுத்தா வாங்காதீங்க, ஒண்ணுல 2 மில்லிகிராம்னா இன்னொண்ணுல அதே 2 மில்லிகிராம் கிடையாது.

இப்ப கீரை. வால்வு வெச்சா கீரையே தொடக்கூடாதுன்னு நம்மூர்ல நெறையப் பேரு சொல்றாங்க, இது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குது, ஏன்னா அந்த வயசுல நல்ல சாப்பாடு வேணுங்க. 1920கள்ல அமெரிக்கா, கனடாவுல பூஞ்சை பிடிச்ச ஒரு வகைத் தீவனத்தத் தின்ன மாடுக கொம்பு வெட்டுன சின்னக் காயத்துலயே ரத்தம் நிக்காமச் செத்துப்போச்சு, அதுக்குக் காரணம் தேடிப் போயித்தான் இந்த மருந்து வகையே கிடைச்சுது. ரத்தம் உறைய வைட்டமின் கே வேணும், அத வேலை செய்ய விடாம இந்த மருந்து தடுக்குது. கீரைல அதே வைட்டமின் கே நெறைய இருக்குது. அதனால தினமும் ஒண்ணுமில்லாம இருந்துட்டு, பொடக்காளி முருங்கை தழைஞ்சிருச்சுன்னு ஒரு வாரம் பூராம் பொரியலும் கடைசலுமாப் போட்டா ஐஎன்ஆர் எறங்கிரும். வாரத்துக்கு ரெண்டு நாள் அளவாச் சாப்பிடறவங்க எப்பவும் ரெண்டு நாளே சாப்பிடுங்க, டாக்டர் அதுக்குத் தக்க டோஸ் வெச்சுக்குவாரு. ராகிக்களி, கம்பஞ்சோறு, கொள்ளுப்பருப்பு, அரிசிம்பருப்புச் சோறு எல்லாம் அவங்க வழக்கமாச் சாப்பிடற மாதிரியே சாப்பிடட்டும்.

அடுத்தது வலி மாத்திரை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போறப்ப வழில யாராச்சும் கால்வலிக்கு மாத்திரை குடுப்பாங்க, நல்ல மனசோடதான் குடுப்பாங்க, ஆனா டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இந்த மாத்திரையோட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வந்துரும். பாராசிட்டமால் அளவாப் போடலாம், அதையும் தொடர்ந்து போட்டா ஐஎன்ஆர் ஏறும். இடுப்புல ஊசி போடவும் விடாதீங்க. ஆன்டிபயாட்டிக் குடுத்தாலோ, வயித்தால போனாலோ, நாலு நாள் சோறு எறங்கலைன்னாலோ சீக்கிரமே ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. நாட்டு மருந்து, லேகியம் டாக்டர்கிட்ட கேக்காம வேண்டாம்.

"டெஸ்ட்டே எடுக்க வேண்டாத புது மாத்திரை வந்திருக்குதாமே"ன்னு நெறையப் பேரு கேக்கறாங்க. மெட்டல் வால்வுக்கு அது ஆகாதுங்க. அந்தப் புது மாத்திரைல ஒண்ணான டாபிகாட்ரான வெச்சு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, ரத்தக்கட்டியும் அதிகம் ரத்தக்கசிவும் அதிகம்னு 2012ல பாதிலயே நிறுத்திட்டாங்க. இன்னொரு புது மாத்திரையான அபிக்சபான ஒரு வகை அயோர்ட்டிக் வால்வுக்குக் குடுத்துப் பாத்த ஆராய்ச்சியும் ரத்தக்கட்டி அதிகமானதால 2022ல நின்னு போச்சு. வேற இதய நோவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரு அத சாப்பிடறாருன்னா அவருக்கு அது சரி.

பல்லுப் புடுங்கப் போனா இந்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, பல் டாக்டரையும் ஹார்ட் டாக்டரையும் பேச வைங்க, புடுங்கறதுக்கு முன்னால வால்வுல கிருமி தங்காம இருக்க ஒரு ஆன்டிபயாட்டிக்கும் குடுக்கோணும். கல்யாணமான பொண்ணுகளுக்கு வால்வுன்னா கொழந்தைக்கு யோசிக்கறதுக்கு முன்னாலயே டாக்டரப் பாக்கோணும், இந்த மாத்திரை வயித்துல இருக்கற கொழந்தையப் பாதிக்கும். நாள் தள்ளிப்போச்சுன்னா தானா நிறுத்தாம அன்னைக்கே போங்க.

மூக்குல ரத்தம் அழுத்திப் புடிச்சும் பத்து நிமிசத்துக்கு மேல நிக்கலைன்னா, வெளிக்குக் கருப்பாப் போனா, தலைல அடிபட்டா (வெளிக்காயம் இல்லைன்னாலும்), தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. வாய் கோணுனா, கை விழுந்துட்டா, திடீர்னு மூச்சு வாங்குனா, வால்வோட டிக் டிக் சத்தம் மந்தமாயி கேக்காமப் போனா 108க்குக் கூப்புட்டு, சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்க. வால்வு பேரு, மாத்திரை பேரு, கடைசி ஐஎன்ஆர் மூணையும் ஒரு அட்டைல எழுதி அவங்க பர்ஸ்ல வெச்சுருங்க, நீங்க தோட்டத்துல இருக்கறப்ப வேற யாரு கூட்டிட்டுப் போனாலும் அந்த டாக்டருக்கு மொதல்ல தெரிய வேண்டியது அதுதான்.