நூறு நாள் வேலையில் நோயும் காயமும் தகராறும்: செய்ய வேண்டியவை

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போகும், ஆனால் குடும்பத்தின் 100 நாள் கணக்கில் அந்த நாள் கழியாது என்பதால், வேலை அட்டையில் பெயருள்ள வேறொருவர் செல்லலாம்.

வேலையிடத்துக் காயம் என்றால் நிலைமை வேறு. சிகிச்சை இலவசம், மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் கூலியில் பாதிக்குக் குறையாத தினப்படியும் உண்டு. ஆகவே, குளம் தூர்வாரும்போது மண்வெட்டி பட்டவரை கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பும்போதே, உடனிருப்பவர் பணித்தளப் பொறுப்பாளரிடம் அன்றைய வருகைப்பதிவை உறுதி செய்துகொண்டு, மருத்துவமனைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

செய்த வேலையின் அளவெடுப்பிலோ வருகைப்பதிவிலோ தகராறு எழுந்தால் வாய்ச்சண்டை (அதுதான் வழக்கமாக நடக்கிறது) பயன் தராது. தக்கலையோ திருவட்டாறோ, உரிய வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். புகாரை ஏழு நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. அசையாவிட்டால், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு அந்தச் சீட்டின் நகலுடன் செல்லலாம்.