குழந்தைகளின் இதயத்துக்காக ஓட்டம்: ராமநாதபுரம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தைகளுக்காக ஓட்டம் நடத்தலாம் என்று நாலு பேர் கூடினால், முதல் கூட்டத்திலேயே டி-சர்ட் நிறம் முடிவாகிவிடும். மெடலில் பாம்பன் பாலம் இருக்க வேண்டும், கொடியசைக்க யாரைக் கூப்பிடுவது, டிஜே உண்டா என்பதெல்லாம் அன்றைக்கே பேசி முடியும். திரளும் பணம் எந்தச் செலவுக்கு என்ற கேள்விதான் "அதைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். மற்ற தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

"அறுவை சிகிச்சை நிதி" என்று ஃபிளெக்ஸில் போடுவது சுலபம். ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குழந்தைகளின் இதய அறுவைகள் பலவும் அதற்குள் வந்துவிடுகின்றன. காப்பீடு எட்டாத இடம் வேறு. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். சென்னை என்றால் ஓர் இரவுப் பயணம். அம்மா குழந்தையோடு வார்டுக்குள் இருப்பார், அப்பா வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். பிடிக்கும் மீனில் பங்குக்காகக் கடலுக்குப் போகிறவர் கரையில் நின்றுவிட்டால் அன்றைக்குப் பங்கு கிடையாது. வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஒரு ஆள் வேண்டும். சாப்பாடு, ரூம் வாடகை, பஸ் காசு, போன வேலைநாள் கூலி, இதற்கெல்லாம் காப்பீட்டில் பெரும்பாலும் கட்டம் இல்லை. 'ஆஸ்பத்திரியில் இலவசம்' என்று தெரிந்தும் குழந்தையைக் கூட்டிப்போகாமல் நாள் தள்ளுகிற வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் தேதி குறிக்கும் முன்பே, குழந்தைகளுக்கான அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழுவையும் அதன் மாவட்ட மையத்தையும் போய்ப் பாருங்கள். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் நேரில் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை குழந்தைகள் காத்திருக்கிறார்கள், சிகிச்சை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பதில் கிடைத்த பிறகு ஃபிளெக்ஸ் அடிக்கலாம்.

அடுத்தது மேடைப் பேச்சு. 'ஹார்ட்' என்றதுமே பேச வருகிறவர் எண்ணெய்ப் பலகாரம், சிகரெட், சர்க்கரை என்று மாரடைப்பைப் பேசிவிட்டு இறங்கிவிடுவார். ராமேஸ்வரம் தீவுக்காரர்கள் பேசினால், தங்கள் ஊர் அப்துல் கலாமும் டாக்டர் சோம ராஜுவும் உருவாக்கிய கலாம்–ராஜு ஸ்டென்ட் தவறாமல் வரும். பெருமைப்பட வேண்டியதுதான், ஆனால் அது பெரியவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் வைப்பது. பிறவிக் குறை அது அல்ல. கருவில் இதயம் உருவாகும்போதே அறைகளுக்கு நடுவில் சுவர் மூடாமல் நிற்பது, வால்வு குறுகிப்போவது, பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறி அமைவது, இப்படிப் பல வகை. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோ ஒரு வகைக் குறை இருக்கிறது. சின்ன ஓட்டைகள் சில தானாகவே மூடிக்கொள்ளும். ரத்தக்குழாய் இடம் மாறிய குழந்தைக்கோ முதல் சில வாரங்களுக்குள் அறுவை நடக்க வேண்டும்.

மேடையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அடையாளங்களைச் சொல்லச் சொல்லுங்கள். பால் குடிக்கும்போதே நெற்றி முத்து முத்தாக வியர்க்கும். நாலு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்கும், அப்படியே அசந்து தூங்கிவிடும், அரை மணி நேரத்தில் மறுபடி பசித்து அழும். அழும்போது உதடும் நாக்கும் நீலம் பாரிக்கும். எடை ஏறாது, சளி நெஞ்சை விட்டுப் போகாது. 'சூடு பிடிச்சிருக்கு', 'கண்ணு பட்டிருக்கு' என்று பாட்டிமார் சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இதைக் கேட்டு ஒரு தாய் குழந்தையை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கக் கூட்டிப்போனால் போதும், அன்றைய ஓட்டத்துக்கு அதைவிடப் பெரிய வசூல் இல்லை.

காரணம் பற்றி மைக்கில் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ருபெல்லா தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, சில மாத்திரைகள், நெருங்கிய சொந்தத்தில் திருமணம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. கிரகணத்தன்று வெளியே போனாள் என்று ஏற்கெனவே வீட்டில் ஏச்சு வாங்கிய பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

குழந்தையின் முகத்தை ஃபிளெக்ஸில் போடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் வேண்டாம். உதவி வாங்கும் இடத்தில் நிற்கிறவர் மறுக்க மாட்டார், அது சம்மதம் ஆகாது. சிகிச்சை முடிந்து நன்றாக ஓடியாடி வளர்ந்த பெண்ணுக்கு இருபது வருஷம் கழித்து மாப்பிள்ளை பார்க்கும்போது, 'ஹார்ட்ல ஓட்டைன்னு போஸ்டர்ல வந்த பிள்ளைதானே' என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர்களில் இந்த ஞாபகம் மட்டும் அழியாது. குழந்தைகளை மேடையேற்றி மணிக்கணக்கில் வெயிலில் உட்காரவைப்பதும், 'நீயும் கொஞ்சம் ஓடு' என்று போட்டோவுக்காக விரட்டுவதும் அப்படியே. யார் எவ்வளவு ஓடலாம் என்பதை அந்தக் குழந்தையின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தேதி விஷயத்தில் வெளியூர் ஏற்பாட்டாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஞாயிறு காலை எல்லா ஊருக்கும் வசதி. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அது பூசை நேரம். ஏர்வாடி, கீழக்கரை என்றால் சந்தனக்கூடு, நோன்பு நாட்களை ஜமாத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரம் சாலையில் நடக்கவே இடம் இருக்காது. மார்கழியிலும் தை தொடக்கத்திலும் ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, சித்திரைக்கு மேல் அனல், அப்புறம் மணலை வாரி முகத்தில் அடிக்கும் தென்மேற்குக் கச்சான் காற்று. மிஞ்சுவது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அதிலும் தை அமாவாசை, சிவராத்திரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பாதை என்றால் எல்லோருக்கும் பாம்பன் பாலம் வேண்டும். படம் அழகாக வரும், சரி. ஆனால் 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம் ஒன்றுதான் தீவுக்குச் சாலை வழி. இதயக் குழந்தைகளுக்காக ஓடிக்கொண்டே ஆம்புலன்ஸை மறிக்கும்படி ஆகிவிடக் கூடாது. தனுஷ்கோடி தாண்டித் தீவின் நுனிக்குப் போகும் அரிச்சல்முனைச் சாலையிலும் போக, வர ஒரே வழிதான். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரநிழல் கிடையாது. அங்கே பேப்பர் கப்பில் தண்ணீர் வைத்தால் ஓட்டக்காரர் எடுப்பதற்குள் காற்று எடுத்துக்கொண்டு போய் மன்னார் வளைகுடாவில் போட்டுவிடும். கைப்பிடி உள்ள எவர்சில்வர் டம்ளரும் ட்ரம்மும் வையுங்கள். நல்ல தண்ணீரை முன்கூட்டியே லாரிக்குச் சொல்லிவையுங்கள்; கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஓ.ஆர்.எஸ். கரைசலும் இருக்கட்டும், வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து.

வெயிலில் ஒருவர் புலம்பிக்கொண்டு தள்ளாடி விழுந்தால் வண்டியில் தூக்கிப் போடுவதற்கு முன் உடம்பைக் குளிரவைக்க வேண்டும். இதற்கு நம் ஊரில் வசதிக் குறைவே இல்லை. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துத் தரும் கம்பெனிகளிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் விடியற்காலையில் மூட்டையாகத் தருவார்கள். மூச்சில்லாமல் விழுந்தால் அது வேறு கதை: நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை ஓடி எடுத்து வர வேண்டும். தண்ணீர் ஸ்டாலுக்கு ஒருவராவது இதைக் கையால் செய்து பழகியிருக்கட்டும். 108 இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்துக்கென்று தனி வண்டி நிற்க வேண்டும்.

பணத்தில் இரண்டு சிக்கல். ஒன்று, நுழைவுக் கட்டணத்தையே நன்கொடை என்று சொல்வது. 500 ரூபாய் வாங்கி, டி-சர்ட், மெடல், டைமிங் சிப், டிபன் போக 80 ரூபாய் மிஞ்சினால் நன்கொடை அந்த 80-தான். அதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மற்றது வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம். துபாயிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் இந்திய பாஸ்போர்ட்டோடு, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அதே குடும்பத்தில் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது.

வந்த பணத்தை ஒரே நாளில் மேடையில் பெரிய அட்டைக் காசோலையாகக் கொடுத்து முடித்துவிடவும் வேண்டாம். அறுவைக்குத் தேதி கொடுத்திருப்பார்கள். முந்தின நாள் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து அதே குடும்பம் மறுபடி பஸ் ஏற வேண்டும். அந்த இரண்டாவது பயணத்துக்கும், அறுவைக்குப் பிறகு வருஷா வருஷம் எக்கோவுக்குப் போய் வருவதற்கும் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி, கேட்ட அன்றே கையில் கிடைக்கும்படி ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள்.