ஃபிரீசிங்கா, ஜி-சிங்கா: கேமிங் மானிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினியில் விளையாடும்போது காட்சி குறுக்கே கிழிந்தாற்போல் தெரிவதற்கும், நகர்வு திக்கித் திணறுவதற்கும் கிராபிக்ஸ் கார்டின் வலு போதாததே காரணம் என்று எண்ணிப் புதிய கார்டுக்குப் பணம் சேர்ப்பவர்கள் பலர் உண்டு. பல நேரங்களில் கோளாறு கார்டில் இருப்பதில்லை. கார்டும் மானிட்டரும் வெவ்வேறு தாளத்தில் ஓடுவதுதான் கோளாறு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் மானிட்டர், ஏறக்குறைய 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை தவறாமல் திரையைப் புதுப்பிக்கும். கார்டோ, காட்சியில் புகையும் கூட்டமும் வந்தால் ஒரு ஃபிரேமுக்கு (ஒரு தனிப் படத்துக்கு) 22 மில்லி விநாடியும், வெறும் சுவர் தெரிந்தால் 11 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்ளும். மானிட்டர் பாதித் திரையை வரைந்துகொண்டிருக்கும்போது அடுத்த ஃபிரேம் வந்து சேர்ந்தால், மேல்பாதி ஒன்றாகவும் கீழ்பாதி மற்றொன்றாகவும் தெரியும். இதைத் தவிர்க்க, ஃபிரேமை மானிட்டரின் தாளத்துக்குக் காத்திருக்கச் செய்யும் வி-சிங்க் வசதியைப் போட்டால் கிழிசல் போய்விடும், ஆனால் 16.7 மில்லி விநாடியைச் சற்றே தவறவிட்ட ஃபிரேம் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் நகர்வு தடுக்கும், மௌஸ் அசைவும் தாமதமாகத் தெரியும். ஃபிரேம் தயாரான பிறகே மானிட்டர் திரையைப் புதுப்பிக்கும்படி செய்வதுதான் அடாப்டிவ் சிங்க்.

ஜி-சிங்க், ஃபிரீசிங்க் இரண்டும் இந்த வசதிக்கு நிறுவனங்கள் வைத்த பெயர்களே; அந்தப் பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2013ஆம் ஆண்டு ஜி-சிங்க்கை அறிவித்தபோது, மானிட்டருக்குள்ளேயே அதற்கென்று தனி மின்னணுப் பலகை ஒன்று தேவைப்பட்டது; விலையும் அதற்கேற்ப ஏறியது. 2014இல், திரைத் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு இதே வசதியைப் பொதுத் தரமாக, டிஸ்பிளேபோர்ட் என்னும் மானிட்டர் இணைப்பின் 1.2ஏ பதிப்பில் சேர்த்தது. அதை அடிப்படையாகக் கொண்டு போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. 2015இல் ஃபிரீசிங்க்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கிவந்து, ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து தன் கார்டுகள் பொதுத் தர மானிட்டர்களோடும் இயங்க வழிசெய்தது. ஆகவே இன்று பெட்டியின்மேல் ஃபிரீசிங்க் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, என்விடியா கார்டு வைத்திருப்பவர் ஒதுங்க வேண்டியதில்லை. தனிப் பலகை கொண்ட பழைய ஜி-சிங்க் மானிட்டரைப் பழைய விலைக்கு வாங்க நினைக்கும் ஏ.எம்.டி. பயனர்தான் யோசிக்க வேண்டும். அவற்றில் பல, ஏ.எம்.டி. கார்டோடு இணைந்தால் சாதாரண மானிட்டராகவே நின்றுவிடும்.

பெயரைவிட முக்கியமானது எல்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் அடாப்டிவ் சிங்க் எந்த ஹெர்ட்ஸ் முதல் எந்த ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் என்று ஒரு வீச்சு உண்டு. விளம்பரத்தில் மேல் எல்லை கொட்டை எழுத்தில் இருக்கும். கீழ் எல்லையைத் தயாரிப்பாளரின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடியாவது பிடித்தே ஆக வேண்டிய விவரம் அது. 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை வீச்சுள்ள மலிவான மானிட்டரை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும்வரை எல்லாம் வழுவழுப்பாக இருக்கும். பெரிய சண்டைக் காட்சியில் அது 42க்கு இறங்கினால் வசதி அறுந்துபோய், பழைய கிழிசலும் தடுமாற்றமும் திரும்பிவிடும். அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். 48 முதல் 144 வரை வீச்சுள்ள மானிட்டரில் கீழ் எல்லை அதேதான் என்றாலும் நிலைமை வேறு. மேல் எல்லை கீழ் எல்லையைப்போல இருமடங்குக்கு மேல் இருப்பதால், குறைந்த ஃபிரேம் ஈடுசெய்தல் என்னும் உத்தி அங்கே செல்லுபடியாகும்: விளையாட்டு 40 ஃபிரேமுக்கு இறங்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை காட்டப்பட்டு, திரை 80 ஹெர்ட்ஸில் ஓடும், கண்ணுக்கு எந்த உடைவும் தெரியாது. 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 42 ஃபிரேமை இரட்டித்தால் 84 வரும், அதற்கு அங்கே இடமில்லை. ஃபிரீசிங்க் பிரீமியம் என்ற தகுதி பெற்ற மானிட்டர்களில் இந்த ஈடுசெய்தல் கட்டாயம் இருக்கும்; வெறும் ஃபிரீசிங்க் என்று மட்டும் இருந்தால் வீச்சைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், மானிட்டரின் மற்ற எல்லாச் சிறப்புகளையும் இந்த ஒரு கணக்குக்குப் பிறகே பார்ப்பேன்.

கணக்குப் போட, உங்கள் கணினி உண்மையில் எத்தனை ஃபிரேம் தருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். என்விடியா மென்பொருளில் ஆல்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும், ஏ.எம்.டி. மென்பொருளில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் ஓடும். சராசரியைக் குறிக்காமல், இறங்கும் எண்ணைக் குறியுங்கள். ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள் இந்தச் சோதனையை மார்கழி இரவில் செய்வதும் அக்னி நட்சத்திரப் பகலில் செய்வதும் ஒன்றாகாது. மண்டபத்திலோ தொண்டியிலோ ஏ.சி. இல்லாத அறையில் கார்டு சூடேறினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபிரேம் எண்ணிக்கையும் கூடவே இறங்கும். வெயில் நாளின் எண்ணை வைத்தே மானிட்டரைத் தீர்மானிக்க வேண்டும். வேலரண்ட் போன்ற எடை குறைந்த விளையாட்டு மட்டுமே ஆடுபவருக்கு ஃபிரேம் எப்போதும் மேல் எல்லையைத் தாண்டியே நிற்கக்கூடும். அவருக்கு அடாப்டிவ் சிங்க் பெரிய பயன் தராது, அதிக ஹெர்ட்ஸ்தான் பயன் தரும். 45க்கும் 90க்கும் இடையே ஏறி இறங்கும் திறந்தவெளி விளையாட்டுகளை நடுத்தரக் கார்டில் ஆடுபவருக்கே இந்த வசதி கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

திரையின் வகையையும் பார்க்க வேண்டும். வி.ஏ. என்னும் எல்.சி.டி. வகைத் திரைகளில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் புதுப்பிக்கும் வேகம் சட்டென்று மாறும்போது வெளிச்சமும் கூடிக் குறைந்து, இருண்ட சாம்பல் நிறக் காட்சிகளிலும் லோடிங் திரைகளிலும் மினுக்மினுக்கென்று துடிக்கக் காணலாம். ஓ.எல்.இ.டி. திரைகளிலும் இந்தத் துடிப்பு உண்டு. ஃபிரேம் அதிகம் ஏறி இறங்கும் கணினிக்கு ஐ.பி.எஸ். என்னும் மற்றொரு எல்.சி.டி. வகைத் திரையே பாதுகாப்பான தேர்வு.

கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் துபாயிலிருந்து வரும் உறவினரிடம் மானிட்டர் சொல்லியனுப்பும் வழக்கம் உண்டு. அங்கே மாடல்கள் அதிகம் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் உத்தரவாதம் பல நிறுவனங்களின் வழக்கம் என்பதால், உத்தரவாத அட்டையை வாங்குமுன்னரே படித்துவிடச் சொல்ல வேண்டும். பிளக் அங்கே மூன்று தட்டைக் கால்களோடு வரும். தளர்வான மாற்றுப் பிளக்கில் செருகி வைப்பதைவிட, நம் ஊர்ப் பவர் கேபிளை வாங்கி மாற்றிக்கொள்வதே முறை.

இணைப்பு விஷயத்தில் சுருக்கமாக ஒன்றே: டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஏ.எம்.டி. கார்டுகள் எச்.டி.எம்.ஐ. வழியாகவும் ஃபிரீசிங்க்கை இயக்கும், எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்திலும் மாறும் வேக வசதி இருக்கிறது. என்றாலும் பழைய என்விடியா கார்டுகளுக்கு டிஸ்பிளேபோர்ட்டே வழி. இடையில் மாற்றுக் கன்வெர்ட்டர் வைத்தால் வசதி பெரும்பாலும் அறுந்துவிடும். லேப்டாப்பில் வெளி மானிட்டரை மாட்டுபவர்கள், அந்தப் போர்ட் என்விடியா கார்டோடு நேரடியாக இணைந்ததா, பிராசசரில் உள்ள கிராபிக்ஸோடு இணைந்ததா என்று பார்க்க வேண்டும். பின்னதாக இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் பகுதியே தெரியாது.

கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் இதில் உண்டு. பாம்பன், ராமேசுவரம் போன்ற இடங்களில் உப்புக்காற்று போர்ட்டுகளின் உலோக முனைகளை அரிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைக் காணலாம். தொடர்பு தளர்ந்தால் திரை ஒரு விநாடி கறுத்து மீளும். அதிக ஹெர்ட்ஸில் தரவு மிகுதியாகப் பாய்வதால் இது கூடுதலாகத் தெரியும். பலரும் இதை அடாப்டிவ் சிங்க்கின் கோளாறு என்று நினைத்து வசதியையே அணைத்துவிடுகிறார்கள். முதலில் வேறொரு நல்ல கேபிளை மாட்டிப் பாருங்கள். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முனைகளைத் துடையுங்கள். பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு வந்த பிளாஸ்டிக் மூடிகளை எறிந்துவிடாதீர்கள்.

மானிட்டர் வந்தபின் மூன்று இடங்களில் அமைப்பை மாற்ற வேண்டும். மானிட்டரின் சொந்த மெனுவில் ஃபிரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் என்பதை இயக்குங்கள். பலவற்றில் அது அணைந்த நிலையிலேயே வரும். விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குச் சென்று 144 போன்ற முழு ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் 60லேயே மாதக்கணக்கில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு கார்டின் மென்பொருளில் வசதியை இயக்குங்கள். என்விடியா கார்டானால் அதன் கண்ட்ரோல் பேனலில் வி-சிங்க்கை இயக்கி, விளையாட்டுக்குள் இருக்கும் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, ஃபிரேம் எண்ணிக்கைக்கு மேல் எல்லையைவிட மூன்று குறைவாக, 144 ஹெர்ட்ஸுக்கு 141 என்று, வரம்பு வையுங்கள். ஃபிரேம் வீச்சைத் தாண்டாமல் இருக்க இந்த வரம்பு உதவும்.

வேலை செய்கிறதா என்று அறிய, மானிட்டர் மெனுவில் ஓடும் ஹெர்ட்ஸ் எண்ணைத் திறந்து வைத்து விளையாடுங்கள். அது விளையாட்டின் ஃபிரேம் எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கினால் வசதி இயங்குகிறது. 144லேயே அசையாமல் நின்றால் மூன்று இடங்களில் ஒன்று விடுபட்டிருக்கிறது. இருண்ட காட்சியுள்ள விளையாட்டு ஒன்றையும் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். துடிப்பு கண்ணை உறுத்தினால், கடையோ இணையத் தளமோ தந்திருக்கும் மாற்றிக்கொள்ளும் காலம் முடிவதற்குள் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.