கொட்டிலை நாசமாக்கிய குதிரை: என் அனுபவம்

கொழும்பில் நான் பராமரிக்கும் குதிரை இரவெல்லாம் கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்து, லத்தியை, படுக்கையாகத் தரையில் பரப்பிய மரச்சீவலோடு மிதித்துக் கலந்துவிடும். ஒரு குதிரை நாளுக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடும். சிதறினால் சீவல் அத்தனையும் வீண்.

முதலில் சீவலைக் குறைத்தேன். அது பிழை. தரையில் ஈரம் நின்று, இந்த ஊர்ப் புழுக்கத்தில் மூத்திர நெடி கண்ணை எரித்தது. குளம்புக்கும் கூடாது. அப்புறம்தான் விளங்கியது, அவன் நடப்பது பசியாலும் சலிப்பாலும் என்று. மெதுவாக, நெடுநேரம் தின்னட்டும் என்று புல்லைச் சிறுகண் வலையில் கட்டினேன். இரவு 10 மணிக்கு இன்னொரு பங்கு. மாலையில் கூடுதலாக ஒரு மணிநேரம் வெளியே விட்டேன். மொரட்டுவை மரப்பட்டறையில் சீவல் வாங்கி அரை அடிக்கு நிரப்பினேன் (நைசான தூள் வேண்டாம், மூச்சைப் பிடிக்கும்).

இரண்டு கிழமையில் லத்தி பின்மூலையில் குவியலாகக் கிடந்தது. காலையில் அவன் விலாவில் கறையே இல்லை. எவ்வளவு ஆறுதல்!