வெடித்த விண்மீனைப் பிடிப்பது எப்படி? 20 செ.மீ. தொலைநோக்கியில் சூப்பர்நோவா தேடல்

2023 மே 19 அன்று ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோயிச்சி இடகாகி, எம்101 கேலக்ஸியில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். அதன் மேக்னிடியூட் 14.9 (இந்த எண் கூடக் கூட ஒளி மங்கும்). எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர் பெற்ற அந்தச் சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, நிகழ்ந்தது சுமார் 2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். ஆனாலும் 20 செ.மீ. தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால் எட்டிவிடும் ஒளிதான் அது.

படி 1: கருவி

20 செ.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம், விண்மீன்களைப் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுன்ட், கறுப்பு வெள்ளை சிமாஸ் கேமரா போதும். பிக்சல் 3.76 மைக்ரான் என்றால் 206.265 × 3.76 ÷ 1000, அதாவது ஒரு பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). 2×2 பின்னிங் (நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) வைத்தால் ஏறக்குறைய 1.55. தேடலுக்கு அது தோதான அளவு. ஃபில்டர் வேண்டாம், ஒளியைத் தின்றுவிடும்.

படி 2: பட்டியல்

ஒரு கேலக்ஸியில் நூறாண்டுக்கு ஒன்றிரண்டு வெடித்தால் அதிகம். எனவே 100 கேலக்ஸியாவது பட்டியலில் இருக்கட்டும். எம்51, எம்82, எம்101 போன்ற அருகில் உள்ளவற்றில் தொடங்குங்கள். என்ஜிசி 6946-ஐ விட்டுவிடாதீர்கள். 1917 முதல் அதில் மட்டும் 10 சூப்பர்நோவா. அட்லஸ், இசட்டிஎஃப் போன்ற தானியங்கித் தேடல்கள் முந்திக்கொள்ளும் என்பது உண்மை. சூரியனுக்குப் பின்னாலிருந்து விலகி விடியற்காலை வானில் தாழ்வாகத் தலைகாட்டும் கேலக்ஸிகளில் போட்டி சற்றுக் குறைவு.

படி 3: ஒப்பீட்டுப் படம்

நிலவில்லாத இரவில், உங்கள் கருவியாலேயே, ஒவ்வொன்றுக்கும் 60 வினாடிப் படங்கள் 20 எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒரே படமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய வானப் படங்களின் (கண்ணாடிப் பலகையில் எடுத்தவை) நிற உணர்வு வேறு. உங்கள் படத்தில் பளிச்சென்று தெரியும் செந்நிற விண்மீன் அதில் மங்கியிருக்கும். புதிதாக ஏதோ வெடித்துவிட்டது என்று வீணாகப் படபடப்பு வரும்.

படி 4: தேடல் படம்

ஒரு கேலக்ஸிக்கு 30 வினாடி வீதம் 6 படங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துங்கள். காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் துகள்) விழுந்த புள்ளி ஒரே படத்தில்தான் இருக்கும். ஹாட் பிக்சல், அதாவது ஒளி விழாமலே ஒளிரும் பழுதான பிக்சல், சென்சாரில் நின்ற இடத்திலேயே நிற்கும், விண்மீன்கள் மட்டும் நகரும். நகர்த்தாமல் எடுத்துவிட்டு அடுக்கினால் ஹாட் பிக்சலும் விண்மீன்போல நடிக்கும். தனிப் படங்களை அழிக்காதீர்கள்.

படி 5: மாற்றி மாற்றிப் பார்த்தல்

புதிய படத்தையும் ஒப்பீட்டுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, பொலிவைச் சமமாக்கி, மாறி மாறிக் காட்டச் செய்யுங்கள். புதிதாக வந்தது கண் சிமிட்டும். ஆரம்பத்தில் பலரும் தவறவிடுவது நடுப்பகுதியை. சுருள்கரங்கள் தெரியட்டும் என்று பொலிவை ஏற்றினால் மையம் வெள்ளையாக வெந்துபோய், அங்கே இருக்கும் புள்ளியை விழுங்கிவிடும். பொலிவை இறக்கி இன்னொரு முறை பாருங்கள். கரங்களில் உள்ள வாயுத் திட்டுகளும் ஏமாற்றும். 2023ஐஎக்ஸ்எஃப் தோன்றியதே என்ஜிசி 5461 என்ற பிரகாசமான திட்டின் பக்கத்தில்தான்.

பார்ப்பதை மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். இடகாகியின் அறிவிப்புக்குப் பிறகு பழைய படங்களைப் புரட்டியவர்களில் சிலர், அதற்குப் பல மணி நேரம் முன்பே அந்தப் புள்ளி தங்கள் படத்தில் விழுந்திருந்ததைக் கண்டார்கள்.

படி 6: சந்தேகம் தீர்த்தல்

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். சிறுகோள் என்றால் அதற்குள் சுமார் 30 ஆர்க்செகண்ட், நம் கணக்கில் 20 பிக்சல், நகர்ந்திருக்கும். கன்னி ராசிப் பக்கக் கேலக்ஸிகளில் இந்தத் தொல்லை அதிகம். சில நாள்களில் சிறுகோள் மிக மெதுவாக ஊரும் என்பதால், சிறுகோள்களைப் பதிவு செய்யும் மைனர் பிளானட் சென்டரின் தேடு பக்கத்திலும் அந்த இடத்தைச் சரிபாருங்கள். மாறொளி விண்மீனா என்பதற்குக் கையா விண்கலத்தின் விண்மீன் அட்டவணை. வேறு யாரேனும் ஏற்கெனவே அறிவித்துவிட்டார்களா என்பதற்கு, புதிய கண்டுபிடிப்புகள் பதிவாகும் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையதளம்.

படி 7: அறிவிப்பு

அறிவிப்பதும் அதே சர்வரில்தான். ஆஸ்டாப் போன்ற இலவச மென்பொருளில் படத்தை விண்மீன் அட்டவணையோடு பொருத்தி, புள்ளியின் ஆயங்களை (வானில் அதன் இடத்தைக் காட்டும் எண்கள்) எடுங்கள். நேரத்தை உலக நேரத்தில் எழுத வேண்டும். இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழியுங்கள், நள்ளிரவுக்குப் பின் எடுத்த படமென்றால் தேதியும் மாறலாம். கடைசியாக எந்த நாளில், எந்த மேக்னிடியூட் வரை அங்கே எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெடித்த நேரத்தைக் கணக்கிட அதுதான் பிடி. பதிவானதும் ஏடி என்று தொடங்கும் பெயர் கிடைக்கும். நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) எடுத்து உறுதியான பிறகே அது எஸ்என் ஆகும்.