‘ஐகோர்ட் ஜட்ஜ்’ என்று ஊர் சொல்லும் ஒருவரின் பணி வரலாற்றை எழுதும் முறை

மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரங்களில் ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலரையோ ஓர் ஊரின் வரலாற்றையோ தொகுக்க உட்காரும் எவருக்கும், ‘எங்கள் பள்ளியில் படித்து ஐகோர்ட் ஜட்ஜ் ஆனவர்’ என்று பெருமையுடன் சொல்லப்படும் ஒரு பெயராவது கைக்கு வந்து சேரும். பெயரும் ஒரு பழைய புகைப்படமும் எளிதில் கிடைத்துவிடும். அவர் எந்த நீதிமன்றத்தில், எந்தப் பதவியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார் என்பதுதான் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாக வரும். அதைச் சரியாகக் கண்டறிந்து எழுதும் வழியை இங்கே கூறுகிறேன்.

முதலில் அவர் உண்மையிலேயே உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தாரா என்று பாருங்கள். ஊர் வழக்கில் முன்சீப்பும் ஜட்ஜ், சப் ஜட்ஜும் ஜட்ஜ், ஜில்லா ஜட்ஜும் ஜட்ஜ்; அவர்கள் வாழ்ந்த வீடு மூன்று தலைமுறைக்குப் பிறகும் ‘ஜட்ஜ் வீடு’தான். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு மலரில் மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவரை உயர் நீதிமன்ற நீதிபதி என்று அச்சிட்டுவிட்டு, விழாவுக்கு முந்தைய இரவு ஒவ்வொரு பிரதியிலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினோம். குடும்பத்தார் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட தவறு என்னுடையதே. ஆகவே குடும்பத்தாரிடம் ‘ஐயா ஐகோர்ட்டில் இருந்தாரா’ என்று கேட்பதை விட, ‘எந்த ஊர்களில் வேலை பார்த்தார், சென்னைக்கு எப்போது குடிபோனீர்கள்’ என்று கேட்பது பயன்தரும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாவட்டம் மாவட்டமாக மாறிக்கொண்டே இருந்து, மாவட்டத் தலைநகர் ஒன்றிலேயே பணி முடிந்திருந்தால், அவர் பெரும்பாலும் மாவட்ட நீதித்துறையைச் சேர்ந்தவராக இருப்பார். அது எவ்வகையிலும் குறைவான பதவி அன்று. ஆனால் வேறு பதவி.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உலகனேரியில் 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. அதற்கென்று தனியாக நீதிபதிகள் நியமிக்கப்படுவதில்லை. நியமனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். தலைமை நீதிபதியின் ஒதுக்கீட்டின்படி நீதிபதிகள் முறைவைத்து மதுரைக்கு வந்து அமர்கிறார்கள். ‘மதுரை உயர் நீதிமன்ற நீதிபதி’ என்று சுவரொட்டியிலும் அழைப்பிதழிலும் அச்சாவதைப் பார்த்துப் பழகிவிட்டோம் என்றாலும், வரலாறு எழுதும்போது ‘சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, மதுரைக் கிளையில் அமர்ந்து வழக்குகளை விசாரித்தவர்’ என்று எழுதுவதே சரி. ஒரு தீர்ப்பு மதுரையில் வழங்கப்பட்டதா என்று அறிய வழக்கு எண்ணைப் பார்த்தால் போதும். வழக்கின் வகையை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘எம்டி’ என்று இருந்தால் அது மதுரைக் கிளையின் வழக்கு. 2004-க்கு முன் ஓய்வு பெற்ற ஒருவர் ‘மதுரை பெஞ்சில் இருந்தார்’ என்று யாராவது சொன்னால், அவர் மதுரை மாவட்ட நீதிமன்றத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரியுங்கள்.

தென் மாவட்டங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவை. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். அந்தக் காலத்து நீதிபதி ஒருவர் அந்தப் பகுதிகளிலிருந்து வந்தால், அவருடைய ‘உயர்ந்த நீதிமன்றம்’ சென்னையாக இல்லாமல் இருக்க இடமுண்டு. சென்னையிலேயே இருந்தவர்களும் 1954-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அமைந்தபோது அங்கு போயிருக்கக்கூடும். கே. சுப்பா ராவ் 1948-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1954-இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாகி, 1958-இல் உச்ச நீதிமன்றம் சென்று, 1966-இல் இந்தியத் தலைமை நீதிபதியானவர். அவரைச் சென்னைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது 1954-உடன் நிறுத்தவும் வேண்டும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஒரு நீதிபதிக்கு நியமன நாள் ஒன்றுதான் என்று எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. குடியரசுத் தலைவரின் நியமன ஆணை ஒரு நாள், பதவியேற்பு இன்னொரு நாள். அரசமைப்புச் சட்டத்தின் 224-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்கு மிகாத காலத்துக்குக் கூடுதல் நீதிபதியாக நியமிக்கப்பட்டவர், பின்னர் 217-ஆம் பிரிவின்படி நிரந்தர நீதிபதியாக வரும் நாள் வேறு. கே. சந்துருவை எடுத்துக்கொண்டால், 2006-இல் கூடுதல் நீதிபதி, 2009-இல் நிரந்தர நீதிபதி, 2013-இல் ஓய்வு. ஒருவர் 2006 என்றும் மற்றொருவர் 2009 என்றும் எழுதியிருந்தால் இருவரில் ஒருவர் பொய் சொன்னதாகாது. எந்த நிலை என்று இருவருமே குறிப்பிடவில்லை, அவ்வளவே. நீங்கள் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

தலைமை நீதிபதி விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகும். தலைமை நீதிபதியின் இடம் காலியாக இருக்கும்போதோ அவர் விடுப்பில் இருக்கும்போதோ மூத்த நீதிபதி ஒருவர் பொறுப்புத் தலைமை நீதிபதியாக அமர்வது ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். இன்று அதற்கு 223-ஆம் பிரிவு இருக்கிறது. மதுரைக்காரரான எஸ். சுப்பிரமணிய ஐயரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1842-இல் பிறந்து, மதுரையில் பல ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து, 1885-இல் சென்னைக்குச் சென்று, 1895 முதல் 1907 வரை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். ‘முதல் இந்தியத் தலைமை நீதிபதி எங்கள் மதுரைக்காரர்’ என்று மேடையில் முழங்க இது போதும் என்று தோன்றும். ஆனால் அவருக்கு முன்பே, உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயர் 1893-இல் அதே பொறுப்பை வகித்துவிட்டார். நிரந்தரத் தலைமை நீதிபதியான முதல் இந்தியரோ பி.வி. ராஜமன்னார்; அது 1948-இல்தான் நடந்தது. ‘முதல்’ என்ற சொல்லை எழுதும் முன், எதில் முதல் என்பதை அதே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்; முடியாவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

பணி மாறுதலையும் கவனிக்க வேண்டும். தேவகோட்டையில் பிறந்த ஏ.ஆர். இலட்சுமணன் 1990-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். பிறகு கேரளம், ராஜஸ்தான், ஆந்திரம் என்று சென்று, பின்னிரண்டிலும் தலைமை நீதிபதியாக இருந்து, 2002-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ‘1990 முதல் 2002 வரை சென்னையில்’ என்று எழுதினால் இரண்டு முனைகளும் சரி, நடுவில் இருப்பது தவறு. தலைமை நீதிபதிகள் பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்து வருகிறார்கள் என்பதால், சென்னைத் தலைமை நீதிபதிகள் பட்டியலில் உள்ள பலர் இங்கே நீதிபதிகளாகத் தொடங்கியவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சான்றுகளைத் தேடும் வரிசை எனக்குப் பழகிய முறையில் இது. உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் இருக்கும் நீதிபதிகள் பட்டியலில் தொடங்கி, கிடைக்கும் நாள்களை அரசிதழ் அறிவிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பழைய காலத்தவருக்குத் தீர்ப்புத் திரட்டுகளே பெருந்துணை. ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ மெட்ராஸ் வரிசை 1876 முதலும், ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ 1891 முதலும் வருகின்றன. மூத்த வழக்கறிஞர்களின் அலுவலக அலமாரிகளில் அவற்றின் பழைய தொகுதிகளைக் காணலாம். பலர் பயன்படுத்தாத ஒன்று, பதவியேற்பின்போது அரசுத் தலைமை வழக்கறிஞர் ஆற்றும் வரவேற்புரையும் நீதிபதி அளிக்கும் ஏற்புரையும், ஓய்வின்போது நிகழும் பிரிவுபசார உரைகளும். பிறந்த ஊர், படித்த பள்ளி, யாரிடம் ஜூனியராகச் சேர்ந்தார் என்ற செய்திகள் அவற்றில் அவர் வாயாலேயே வரும். சட்ட இதழ்கள் அவற்றை வெளியிட்டிருக்கின்றன. நூற்றாண்டு மலருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அகப்படாது.

திரட்டுகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். பெயருக்குப் பின் வரும் ‘ஜே.’ என்ற எழுத்து ‘ஜஸ்டிஸ்’ என்பதன் சுருக்கம். அதை முன்னெழுத்தாகக் கருதி ‘ஜே. சுப்பிரமணிய ஐயர்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ‘சி.ஜே.’ என்றால் தலைமை நீதிபதி. இரண்டாவது, ஒரே பெயரில் ஒரே காலத்தில் இருவர் இருப்பது. பத்திரிகையாளரான ஜி. சுப்பிரமணிய ஐயரும் நம் நீதிபதியும் சமகாலத்தவர், இருவரும் காங்கிரஸ்காரர்கள். போதாக்குறைக்கு நீதிபதியை மக்கள் ‘மணி ஐயர்’ என்றும் அழைத்தார்கள். முன்னெழுத்து, தொழில், ஊர் ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஒரு குறிப்பை அவருடையதாகக் கொள்ளுங்கள்.

மரியாதைச் சொற்களில் அதிகம் தடுமாற வேண்டாம். ‘நீதியரசர்’ என்பது தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு வழங்கும் சொல். தலைப்பில் ஒரு முறை அதை இட்டுவிட்டு, உள்ளே ‘நீதிபதி’ என்றோ ‘அவர்’ என்றோ எழுதலாம். ஆனால் பட்டங்களுக்கும் நாள் உண்டு. அன்னி பெசன்ட்டுடன் தன்னாட்சி இயக்கத்தில் நின்ற சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதிய கடிதம் பெரும் சர்ச்சையாகி, 1918-இல் ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறந்தார். அதற்குப் பிந்தைய நிகழ்ச்சிகளிலும் அவரை ‘சர்’ என்று எழுதுவது, அவர் வேண்டாமென்று திருப்பித் தந்ததை நாம் மறுபடி அவர் கையில் திணிப்பதாகும்.

தீர்ப்புகளைக் குறிப்பிட விரும்பினால், இருவர் அமர்வில் தீர்ப்பை எழுதியவர் யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். உடன் அமர்ந்தவருக்கும் அதில் பங்குண்டு, ஆனால் எழுத்து ஒருவருடையது.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர் நீதிமன்ற நீதிபதியின் ஓய்வு வயது இப்போது 62. 1963-இல் அரசமைப்புச் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தம் வருவதற்கு முன் 60. ராஜமன்னார் 1901-இல் பிறந்து 1961-இல் ஓய்வு பெற்றார், கணக்கு ஒத்துவருகிறது. அரசமைப்புச் சட்டம் வந்த பிறகு பணியில் இருந்த ஒருவர் 64 வயது வரை உயர் நீதிமன்றத்தில் இருந்ததாக உங்கள் குறிப்பில் வந்தால், அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும், அல்லது பிறந்த ஆண்டோ ஓய்வு ஆண்டோ பிழையாக இருக்க வேண்டும். முன்கூட்டியே முடிந்திருந்தால் காரணம் கேளுங்கள். கம்பனைப் பற்றி எழுதியும் பேசியும் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான மு.மு. இஸ்மாயில், 1979-இல் சென்னைத் தலைமை நீதிபதியானவர்; 1981-இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது அங்கே போகாமல் பதவி விலகினார். அவர் 1921-இல் பிறந்தவர். ‘1981-இல் ஓய்வு பெற்றார்’ என்று எழுதியிருக்கும் வரியில் ‘ஓய்வு பெற்றார்’ என்பதை அடித்து ‘பதவி விலகினார்’ என்று மாற்ற, 62-இலிருந்து 60-ஐக் கழித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் போதும்.